பாம்புக்கடி: அவசரப் பிரிவில் டாக்டர் எதற்காகக் காத்திருக்கிறார்?

பாம்பு கடித்த ஒருவரை அலறியடித்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே கையில் ரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஓரமாக வைக்கிறார்கள். 20 நிமிடம் கழித்து அதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு மருந்து வேண்டாம், படுக்கவைத்துக் கவனிப்போம்" என்கிறார் டாக்டர். வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்கு அதைத் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது, கடித்தது பாம்புதான் என்று எல்லாருக்கும் தெரியும், பிறகு எதற்கு இந்தக் காத்திருப்பு? 'மருந்து போடாமல் அலட்சியம்' என்ற புகார் பல ஊர்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

அந்தப் புகார் சில இடங்களில் நியாயமாகவும் இருக்கும். ஆனால் அந்தக் காத்திருப்பே சிகிச்சையின் முதல் பகுதியாக இருக்கும் நேரங்கள் அதிகம். எது கவனிப்பு, எது அலட்சியம் என்று பிரித்துப் பார்க்க, பாம்பு விஷம் உடம்புக்குள் என்ன செய்கிறது, விஷமுறிவு மருந்தால் எதைத் தடுக்க முடியும், எதைத் தடுக்க முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடி வேறு, விஷம் ஏறுவது வேறு

இந்தியாவில் உள்ள பாம்பு இனங்கள் 300க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷமுள்ள பாம்பே கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விஷத்தை இறக்குவதில்லை. பல் பதிந்திருக்கும், ரத்தமும் கசிந்திருக்கும், ஆனால் விஷம் உள்ளே போயிருக்காது. டாக்டர்கள் இதை 'உலர் கடி' என்பார்கள். இப்படிப்பட்டவருக்கு மருந்து தேவையே இல்லை. தேவையில்லாதவருக்கு மருந்தைப் போட்டால் அதனாலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

விஷம் ஏறியிருக்கிறதா என்பதைக் கடிவாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பல் தடம் இருந்தால் விஷப்பாம்பு, வரிசையாகப் பல தடங்கள் இருந்தால் சாதாரணப் பாம்பு என்று ஊரில் சொல்வதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. வேப்பிலையைத் தின்னக் கொடுத்துக் கசக்கிறதா என்று பார்ப்பதும் அதே ரகம்தான். உடம்பு காட்டும் அறிகுறிகள்தான் சாட்சி. அவை சில நிமிடங்களிலும் வரலாம், பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால்தான் எந்த அறிகுறியும் இல்லாதவரையும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இந்திய சிகிச்சை நெறிமுறை சொல்கிறது.

அந்த 24 மணி நேரத்தில்தான் கவனிப்பும் அலட்சியமும் பிரிகின்றன. அரை மணிக்கு ஒருமுறை வந்து கண் இமையைப் பார்த்து, கழுத்தைத் தூக்கச் சொல்லி, ரத்தத்தை மறுபடி சோதித்தால் அது சிகிச்சை. வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அது அலட்சியம். இரண்டிலும் மருந்து போடப்படவில்லை என்பதால் வெளியே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் வருபவர்களை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரத்தின் அளவுப்படி பிரிக்கிறார்கள். பாம்பு கடித்தவர் தானே நடந்து வந்து தெளிவாகப் பேசினாலும் அவரைப் பச்சையில் ஒதுக்கிவிடக் கூடாது. வரும்போது நடந்து வந்தவருக்கு சில மணி நேரத்தில் மூச்சு நின்றுபோகலாம்.

விஷம் செய்யும் மூன்று வேலைகள்

நம் பகுதியில் அதிக உயிர்களைப் பறிப்பவை நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இவற்றின் விஷம் ஒரே பொருள் கிடையாது. பல புரதங்களும் நொதிகளும் கலந்த கலவை. அது செய்யும் கேட்டை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. ரத்தம் உறைவதைக் கெடுப்பது. இது கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இரண்டின் வேலை. இவற்றின் விஷம் ரத்தத்தில் உள்ள உறைபொருட்களைத் தேவையில்லாமல் தூண்டிவிட்டுக் கரைத்துத் தீர்த்துவிடும். பிறகு உறைவதற்கு எதுவும் மிஞ்சாது. ஈறு, சிறுநீர், ஊசி குத்திய இடம் என எங்கிருந்தும் ரத்தம் கசியும். மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

2. நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் செய்வது. இது நல்ல பாம்பும் கட்டுவிரியனும் செய்வது. முதலில் இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும்.

3. கடித்த இடத்தைச் சிதைப்பது. வீக்கம், கொப்புளம், தோலும் தசையும் அழுகுவது. நல்ல பாம்பு, கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மூன்றும் இதைச் செய்யும். கட்டுவிரியன் கடியில் இது கிட்டத்தட்ட இருக்காது.

புத்தகத்தில் இருப்பதுபோல இந்தக் கோடுகள் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடிவிரியன் கடித்தவர்களுக்கு ரத்தப் பாதிப்போடு இமை தொங்குவதும் உண்டு. கண்ணாடிவிரியன் விஷம் சிறுநீரகத்தையும் விட்டுவைக்காது. கடித்த முதல் நாள் நன்றாகத் தெரிந்தவருக்கு மறுநாள் சிறுநீர் குறைந்து, டயாலிசிஸ் வரை போகலாம். அதனால்தான் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று நர்ஸ் அளந்து எழுதிக்கொண்டே இருக்கிறார். அந்தக் குறிப்பேடு அவ்வளவு முக்கியமானது.

அந்தக் கண்ணாடிக் குழாய்

ஓரமாக வைக்கப்பட்ட ரத்தக் குழாய்க்கு வருவோம். இதற்கு '20 நிமிட ரத்த உறைவுச் சோதனை' என்று பெயர். நரம்பிலிருந்து புதிதாக எடுத்த 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைவு சரியாக இருக்கிறது. தண்ணீர்போல ஓடினால் ரத்தத்தைக் கெடுக்கும் விரியன் விஷம் ஏறிவிட்டது, உடனே மருந்து போட வேண்டும்.

மின்சாரமோ இயந்திரமோ இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைச் செய்துவிடலாம். ஆனால் எளிய சோதனை என்பதாலேயே இதில் கோட்டை விடுவதும் எளிது. ரத்தம் கண்ணாடியைத் தொடுவதுதான் உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் விட்டாலோ, சோப்புப் பொடி போட்டுக் கழுவிய பழைய குழாயைப் பயன்படுத்தினாலோ நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். அப்போது தேவையில்லாத ஒருவருக்கு மருந்து போய்ச் சேரும். 20 நிமிடம் ஆவதற்குள் ஆட்டி ஆட்டிப் பார்த்தாலும் முடிவு தவறிவிடும்.

ஒரு முறை உறைந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. முதல் சில மணி நேரம் அடிக்கடியும், பிறகு இடைவெளி விட்டும் திரும்பச் செய்யச் சொல்கிறது நெறிமுறை. விஷம் மெல்ல மெல்ல ஏறுவது உண்டு என்பதுதான் காரணம்.

மருந்து போட்ட பிறகு கதை வேறு. அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்துத்தான். மருந்து விஷத்தைக் கட்டிப்போட்டாலும், தீர்ந்துபோன உறைபொருட்களைக் கல்லீரல் புதிதாகச் செய்து கொடுக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் சோதித்துப் பார்த்து "இன்னும் உறையவில்லையே" என்று மேலும் மேலும் மருந்து ஏற்றுவதால் லாபம் இல்லை. இந்த 6 மணி நேர இடைவெளியிலும் சொந்தக்காரர்கள் "அடுத்த டோஸ் ஏன் போடவில்லை" என்று கேட்பார்கள். டாக்டரோ நர்ஸோ ஒரு நிமிடம் நின்று இதைச் சொல்லிவிட்டால் வெளியே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

சரி, சோதனையில் உறைந்துவிட்டது, வீக்கமும் இல்லை. அப்படியென்றால் தப்பித்தாயிற்றா? இல்லை. கட்டுவிரியன் ரத்தத்தைத் தொடுவதில்லை, இந்தக் குழாய் அதைக் காட்டிக்கொடுக்காது.

வலிக்காத கடி

அவசர மருத்துவர்களை மிகவும் ஏமாற்றும் பாம்பு கட்டுவிரியன். இரவில் இரை தேடி வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிட்டுப் போகும். அதன் பல் மிகச் சிறியது. வலி பெரும்பாலும் தெரியாது, வீக்கம் இருக்காது, தடமும் கண்ணுக்குப் படாது. தூங்கியவர் தூங்கிக்கொண்டே இருப்பார்.

விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, தொண்டையில் ஏதோ அடைப்பதுபோல ஓர் உணர்வு. வீட்டில் இருப்பவர்கள் நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். ஆஸ்பத்திரியில் அவசரத்தில் இருக்கும் டாக்டரும் அப்படியே நினைத்து வயிற்றுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. பாம்பு என்ற சொல்லை நோயாளியும் சொல்லவில்லை, கூட வந்தவரும் சொல்லவில்லை. அப்புறம் இமை தொங்க ஆரம்பிக்கும்போதுதான் உண்மை தெரியவரும். எனவே ராத்திரி தரையில் படுத்துவிட்டு விடியற்காலை வயிற்று வலியோடு வரும் ஒவ்வொருவரிடமும் இமையைப் பார், கழுத்தைத் தூக்கச் சொல், எங்கே படுத்திருந்தார் என்று கேள் என்பது அவசரப் பிரிவின் பாலபாடம். நோயாளி குழந்தையாக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். தனக்கு இரண்டாகத் தெரிகிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் இரண்டுமே மூச்சை நிறுத்துபவை என்றாலும் வழி வேறு. நரம்பு முனையிலிருந்து வரும் செய்தி தசையில் உள்ள ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் தசை அசையும். நல்ல பாம்பின் விஷம் அந்த ஏற்பியை மறைத்துக்கொள்கிறது. கட்டுவிரியனுடையது நரம்பு முனையையே சிதைக்கிறது. சுவிட்சின் மேல் ஒரு மூடி விழுவதற்கும் வயரே கருகிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. மூடியை விலக்க முடியும். அதனால் நல்ல பாம்புக் கடியில் விஷமுறிவு மருந்தோடு, நரம்புச் செய்தியின் அளவைக் கூட்டும் நியோஸ்டிக்மின் ஊசியையும், அதன் பக்கவிளைவைத் தடுக்கும் அட்ரோபினையும் கொடுத்தால் தொங்கிய இமை அரை மணி நேரத்தில் மேலே எழுவதைப் பார்க்கலாம். கட்டுவிரியன் கடியில் இந்த ஊசியால் பெரிய பலன் இருப்பதில்லை. சிதைந்த முனை மீண்டும் வளர வேண்டும், அதற்கு நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள்கூட.

அதுவரை நோயாளியை உயிரோடு வைத்திருப்பது வெண்டிலேட்டர். இந்தக் கட்டத்தில் ஒரு கொடுமை நடக்கக்கூடும். கட்டுவிரியன் கடித்தவரால் கை கால், கண், நாக்கு எதையும் அசைக்க முடியாது. கண்ணின் பாவை விரிந்து, வெளிச்சம் அடித்தாலும் சுருங்காமல் நிற்கலாம். பார்ப்பவர்களுக்கு மூளை செத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் உள்ளே அவருக்கு நினைவு இருக்கலாம், பேசுவது கேட்கலாம், குத்தினால் வலிக்கலாம். இந்த நிலையிலிருந்து மீண்டு வீட்டுக்கு நடந்து போனவர்கள் உண்டு. எனவே பாம்புக்கடி என்ற சந்தேகம் இருக்கும்வரை இந்த அறிகுறிகளை வைத்து மூளைச்சாவு என்று முடிவுகட்டக் கூடாது. படுக்கையருகே நின்று நம்பிக்கை இழந்த பேச்சும் கூடாது. "மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறோம், சரியாகிவிடும்" என்று அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும், தூக்க மருந்தும் கொடுக்க வேண்டும்.

மருந்து எங்கிருந்து வருகிறது, 10 குப்பி என்பது என்ன கணக்கு

ஆஸ்பத்திரியில் ஏ.எஸ்.வி. என்று சொல்லப்படும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளே பாம்பு விஷம்தான். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதால் வாழ்வாதாரம் இழந்த இருளர்கள், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முன்முயற்சியோடு 1978இல் இதை அமைத்தார்கள். நான்கு வகைப் பாம்புகளையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் இந்த மருந்துக்குப் பயன்படும் விஷத்தின் பெரும்பகுதி இவர்கள் எடுத்துக் கொடுப்பது. இவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அது தாமதமாக வந்த மரியாதை.

அந்த விஷத்தைச் சிறு அளவுகளில் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும். அதன் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்துச் சுத்தப்படுத்திக் குப்பியில் அடைப்பதுதான் மருந்து. நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து என்பதால், கடித்தது எந்தப் பாம்பு என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கத் தேவையில்லை. பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவரவும் வேண்டாம். செத்த பாம்பும் கடிக்கும், அதைத் தேடுவதில் நேரமும் போகும். தூரத்திலிருந்து போன் படம் எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் நஷ்டமில்லை.

தொடக்க அளவு 10 குப்பி. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

1. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடிவிரியன் விஷத்தை முறிக்கும்.
2. ஒரு குப்பி 10 மில்லி. எனவே ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும்.
3. கண்ணாடிவிரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் வரை இறக்குகிறது.
4. எனவே 10 குப்பி, அதாவது 60 மில்லிகிராமுக்கான மருந்து, நியாயமான தொடக்கம். சில பாம்புகள் சராசரியைவிட மிக அதிகமாக இறக்கும் என்பதால் இரண்டாவது முறையும் தேவைப்படலாம்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் பெற்றோர் பலருக்கு வரும் ஒரு சந்தேகமும் தீரும். "நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏன் பெரியவர்கள் அளவுக்கே 10 குப்பி?" மற்ற மருந்துகளை உடல் எடைக்குத் தக்கபடி குறைக்கிறோம். இங்கே மருந்து முறிக்க வேண்டியது விஷத்தை, பாம்போ ஆள் பார்த்து அளந்து கொடுப்பதில்லை. சின்ன உடம்பில் அதே அளவு விஷம் இன்னும் கடுமையாகத்தான் வேலை செய்யும். குழந்தைக்கு மருந்தைக் குறைப்பதுதான் தவறு.

மருந்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் அது கட்டிப்போடும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையையோ, அழுகிய தசையையோ, அடிபட்ட சிறுநீரகத்தையோ அது திருப்பிக் கொடுக்காது. தாமதமாக வந்தவருக்கு எவ்வளவு குப்பி ஏற்றினாலும் போதவில்லை என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். நரம்பு பாதிப்புக்கு 20 குப்பிக்கு மேல் போடச் சொல்வதில்லை. அதற்கு மேல் தேவைப்படுவது மூச்சுக்குத் துணை.

மருந்தே ஆபத்தாகும்போது

குதிரைப் புரதம் மனித உடம்புக்கு அந்நியப் பொருள். ஆகவே கடும் ஒவ்வாமை வருவது இதில் அரிதான விஷயம் கிடையாது. மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, வாந்தி, மூச்சு இறுக்கம், ரத்த அழுத்தம் சரிவது எனப் போகலாம். இதற்குப் பயந்துதான் சிறிய இடங்களில் சிலர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே நோயாளியை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்றாலும், அதனால் நோயாளி இழக்கும் நேரம் திரும்பி வராது.

ஒவ்வாமை வந்தால் செய்ய வேண்டியது தெளிவானது: மருந்தை நிறுத்து, தொடையில் அட்ரினலின் ஊசி போடு, அடங்கியதும் மெதுவாக மீண்டும் தொடங்கு. இதைச் செய்யத் தேவையான பொருட்கள் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடியவை. முன்பெல்லாம் தோலில் ஒரு சொட்டு ஏற்றிப் பார்க்கும் 'டெஸ்ட் டோஸ்' வழக்கம் இருந்தது. யாருக்கு ஒவ்வாமை வரும் என்பதை அதனால் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டதால் அதைக் கைவிடச் சொல்கிறார்கள். இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, மருந்துக்கு முன் தோலுக்கடியில் போடும் சிறு அளவு அட்ரினலின் கடும் ஒவ்வாமையைக் குறைப்பதைக் காட்டியது. வழக்கமாகப் போடும் ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் அந்தப் பலனைத் தரவில்லை.

விஷம் ஏறியதற்கான அறிகுறி இல்லாதவருக்கு மருந்து போடாமல் டாக்டர் காத்திருப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். பலனே இல்லாத இடத்தில் இந்த ஆபத்தை நோயாளியின் தலையில் ஏற்ற முடியாது. அறிகுறி வந்துவிட்டால் கணக்கு தலைகீழாக மாறும். அதன் பிறகு ஒரு நிமிடம் தாமதிப்பதற்கும் நியாயம் கிடையாது, கர்ப்பிணி என்றாலும் சரி, குழந்தை என்றாலும் சரி.

முதல் ஆஸ்பத்திரி செய்ய வேண்டியது

பாம்புக்கடி இறப்புகளில் வேதனையான ஒரு வகை, வழியில் நடப்பது. கிராமத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரி, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நேரம் போகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தவறில்லை, டயாலிசிஸும் வெண்டிலேட்டரும் அங்கேதான் இருக்கும். எப்படி அனுப்புகிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

1. விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் முதல் 10 குப்பியை அங்கேயே தொடங்கிவிட வேண்டும். டிரிப்ஸில் கலந்து ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றுவது வழக்கம்.

2. இமை தொங்கி, கழுத்து நிற்காமல், எச்சில் விழுங்க முடியாமல் இருப்பவரை மூச்சு உதவி தெரிந்த ஆள் துணையில்லாமல் வண்டியில் ஏற்றக் கூடாது. வெண்டிலேட்டர் இல்லாவிட்டாலும் கையால் அழுத்தும் ஆம்பு பை ஒன்றை வைத்து வழிநெடுக மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றிவிட முடியும். எளிய, மலிவான கருவி அது.

3. எத்தனை மணிக்குக் கடித்தது, எத்தனை மணிக்கு ரத்தம் சோதித்தது, எத்தனை குப்பி போட்டது என்பதை எழுதி அனுப்ப வேண்டும். இது இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

4. ரத்தம் உறையாத நிலையில் தசையில் போடும் ஊசிகளைத் தவிர்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி கொஞ்சம் காத்திருக்கலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் கூடாது. வீங்கிய காலைக் கீறிவிடும் அறுவைக்கும் உறைவு திரும்பும்வரை அவசரப்படக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு வரும் முன்

1. கடிபட்டவரை நடக்கவிடாமல், கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் கட்டி, 108ஐ அழைக்கலாம் அல்லது கிடைக்கும் வண்டியில் கிளம்பலாம். வண்டி வரும்வரை காத்திருப்பதா, கிளம்புவதா என்றால் எது சீக்கிரமோ அது.

2. மோதிரம், கொலுசு, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு அவை ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

3. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். கயிறு கட்டியதால் விஷம் நிற்பதில்லை. கீழே உள்ள பகுதி ரத்தமில்லாமல் சாகிறது. கட்டோடு வந்தவருக்கு ஆஸ்பத்திரியிலும் அதைச் சட்டென்று அவிழ்க்கக் கூடாது. தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறி மூச்சோ ரத்த அழுத்தமோ விழலாம். டிரிப்ஸ், மருந்து, மூச்சுக் கருவி எல்லாம் தயாரான பிறகே அவிழ்க்க வேண்டும்.

4. பச்சிலை, பாம்புக்கல், மந்திரிப்பு எதற்கும் வழியில் நிற்கக் கூடாது. விஷக்கடி வைத்தியரிடம் குணமானவர்களைப் பார்த்துத்தான் ஊரில் அந்த நம்பிக்கை வருகிறது. அவர்களில் பலர் உலர் கடி பட்டவர்கள், அல்லது விஷமில்லாத பாம்பு கடித்தவர்கள். கட்டுவிரியனைப் போலவே வெள்ளை வரி போட்ட, விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு வீடுகளுக்குள் அடிக்கடி வரும். அது கடித்தவர் எதைச் சாப்பிட்டாலும் பிழைத்துக்கொள்வார்.

மருந்து வேலை செய்யாத பாம்பு

நான்கு பாம்புக்கான மருந்து ஐந்தாவது பாம்பு கடித்தால் உதவாது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் இலங்கையிலும் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சிறிய குழிவிரியன் ஒன்று உண்டு. ஹிப்னேல் என்பது அதன் அறிவியல் பெயர். இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் பாம்புகளில் இது முன்னணியில் இருக்கிறது. இதன் விஷமும் ரத்த உறைவைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். ஆனால் இந்திய மருந்து இதை முறிக்காது. பார்வைக்குச் சுருட்டைவிரியன் என்று நினைத்துக் குப்பி குப்பியாக ஏற்றி, பலனில்லாமல் ஒவ்வாமையை மட்டும் வாங்கிக்கொண்ட நோயாளிகள் இருக்கிறார்கள். மேலே சொன்ன அந்த போன் படம் இந்த இடத்தில்தான் உதவும். இங்கே சிகிச்சை என்பது டயாலிசிஸ், ரத்தக் கூறுகளை ஏற்றுவது, பொறுமையான கவனிப்பு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையைச் சுற்றிய மாவட்டங்களின் பாம்புகளிலிருந்து எடுத்த விஷத்தை வைத்துச் செய்த மருந்து, ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ உள்ள பாம்பு விஷத்துக்கு அதே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வட்டாரத்துக்கேற்ற விஷச் சேகரிப்பு மையங்கள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே அடிப்படை. இருளர் சங்கத்தின் அனுபவம் இதற்கு நல்ல முன்மாதிரி.

ஏன் இதைப் பதிவுசெய்யச் சொல்கிறார்கள்

பாம்புக்கடி தொற்று நோய் இல்லையே, அதை ஏன் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் பலர் கேட்டார்கள். அந்த மாதம் தமிழ்நாடு அரசு 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அதே ஆண்டில் கர்நாடகம் முன்பே செய்திருந்தது. இனி அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் ஒவ்வொரு கடியையும் இறப்பையும் தெரிவிக்க வேண்டும்.

காரணம் எளிது. யாருக்கும் முழுக் கணக்கு தெரியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று வீடு வீடாக விசாரித்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அதில் கால்வாசிக்கு மேல் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் வருவது இதில் சிறு பங்கு. வீட்டிலேயே இறந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டம் 2030க்குள் இறப்பைப் பாதியாகக் குறைப்பதை இலக்காகச் சொல்கிறது. எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில், எத்தனை கடி என்று தெரியாமல் குப்பிகளை எங்கே அனுப்புவது? நெல் அறுவடை நேரத்தில் ஓர் ஒன்றியத்தில் மருந்து தீர்ந்துபோவதும், பக்கத்து ஒன்றியத்தில் காலாவதியாகிக் கிடப்பதும் இந்தக் கணக்கு இல்லாததால் வரும் வினை. அறிவிப்பு ஆணையோடு நின்றுவிடாமல், வரும் எண்ணைப் பார்த்து மருந்தையும் வெண்டிலேட்டரையும் நகர்த்த ஆள் இருந்தால்தான் பயன்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

உயிர் பிழைத்து வீட்டுக்குப் போனவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மருந்து போட்ட 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு வரலாம். விஷம் திரும்ப வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் தாமதமான எதிர்வினை அது. டாக்டரிடம் போனால் மாத்திரையில் அடங்கும்.

கண்ணாடிவிரியன் கடியில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், டயாலிசிஸ் நின்ற பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அபூர்வமாக, இந்த விஷம் மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தம் கசியவைத்து அதைச் சேதப்படுத்தும். அதன் விளைவு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தலைகாட்டும். தீராத சோர்வு, குறைந்த ரத்த அழுத்தம், உடல் முடி உதிர்தல், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோதல் எனத் தனித்தனி நோயாக அது தெரியும். காரணம் புரிந்துவிட்டால் ஹார்மோன் மாத்திரைகளால் சரிசெய்துவிடலாம். ஆகவே டிஸ்சார்ஜ் அட்டையில் கடித்த பாம்பு, போட்ட குப்பிகள், சிறுநீரக அளவுகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கி, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எப்போதாவது காரணம் தெரியாத சோர்வோடு எந்த டாக்டரிடம் போனாலும் அதை அவர் முன் வைக்க வேண்டும்.